காது மெஷின், டேப், பேசுற பொத்தான்

சிறப்பாசிரியர் வேலையில் பாதி நேரம் பஸ்ஸில் போகும், மீதி நேரம் பிளக் பாயிண்ட் தேடுவதில் போகும். கனத்த பையோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும் என்னைக் கண்டக்டர்கள் சேலை விற்கிறவள் என்றே நினைக்கிறார்கள். காது கேட்காத, பார்வை குறைந்த, பேச வராத பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க உதவும் கருவிகள்தான் பையில் இருக்கின்றன. இதே பையைத் தூக்குகிறவர்களுக்கு என் தோள்வலி புரியும்.

டப்பாவுக்குள் போன மெஷின்

ஆலத்தியூர்ப் பக்கம் ஆறாவது படிக்கும் ஜெனிபா, உதட்டைப் பார்த்தே பாடம் புரிந்துகொள்வாள். கொஞ்சம் இழுத்துப் பேசுவாள். காது மெஷினை மாட்டிவிட்டுப் பின்னால் நின்று கூப்பிட்டேன். சட்டென்று திரும்பினாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் போனால் மெஷின் டப்பாவுக்குள் இருந்தது. வலியா, வெட்கமா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து மெல்ல மெல்லத்தான் பழக்க முடிந்தது. அன்றைக்கு அவள் சொன்ன காரணம் இது: "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க மிஸ். இத்தனை நாளா நீங்கல்லாம் இதுக்குள்ளயா படிச்சீங்க?"

எனக்கும் டேப் வேணும்

இன்னொரு பள்ளியில் எட்டாவது படிக்கும் கலைச்செல்விக்குப் பார்வை குறைவு. கரும்பலகையை டேப்பில், அதாவது கையடக்கக் கணினியில், படம் பிடித்து, பெரிதாக்கிப் பார்த்து எழுதுவாள். பக்கத்தில் உட்காரும் நிவேதாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கலைச்செல்வியிடம் கேட்டு, டேப்பை வாங்கி நிவேதாவிடம் கொடுத்தேன். "அவளுக்குத் தெரியுற அளவுக்குப் பெருசாக்கி, அதுலயே பாத்து எழுது" என்றேன்.

நாலு வரிக்குள் நிவேதா வேர்த்துவிட்டாள். டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "ஒரு வார்த்தைதான் மிஸ் தெரியுது, அடுத்த வார்த்தைக்குத் தள்ளித் தள்ளிப் போகணும். அவ எப்படி எங்களோடயே முடிக்கிறா?"

யார் குரல்?

உடையார்பாளையத்தில் சரவணனுக்குக் கைகால் இழுத்துக்கொள்ளும், பேச்சு வராது. படத்தை அழுத்தினால் பேசும் கருவி ஒன்று கொடுத்தோம். வார்த்தைகளை நானே பதிவுசெய்திருந்தேன். அவன் தொடவே இல்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். அழுத்தினால் டீச்சர் குரல் வருகிறது, பசங்க சிரிக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

"யார் குரல் வேணும்?" என்று கேட்டதும், வகுப்பிலேயே பெரிய வாயாடியான மணியைப் பார்த்துச் சிரித்தான். மணியும் உற்சாகமாகப் பதிவுசெய்தான். அன்று மதியம் அம்மா வழக்கம்போலப் பால்சோறு ஊட்ட வந்தார். சரவணன் விரலைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தி, 'வேணாம்' படத்தை அழுத்தினான். அடுத்து 'மீன்' படத்தை அழுத்தினான். அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகனிடம் சொன்னார்: "பால்சோறுன்னா உனக்கு உசுருன்னுல்லடா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

கருவியை எப்படி மாட்டுவது என்று எங்களுக்கு நன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள், மாட்டிய பிறகு வருகிற கேள்விகளுக்குத்தான் இன்னும் ஒருவரும் வகுப்பெடுக்கவில்லை.