நம்ம ஆளுங்க பள்ளிக்கூடம்

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பதினாறு வருஷமாக மெஷின் மிதிக்கிறவள் அவள். பிழைக்க வந்த இடத்தில் அவளுக்கு ஒரே ஏக்கம், காது குளிர நம்ம பேச்சைக் கேட்க வேண்டும் என்பதுதான். அந்த ஏக்கத்தில், மகளுக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இந்தக் காரியத்தைச் செய்துவிட்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வகுப்பில் முப்பது பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு பாஷை. டீச்சர் எந்தப் பிள்ளையின் பெயரையும் உருப்படியாகச் சொன்னதில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தையல்காரிக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது.

நாத்தனார் தூபம் போட்டாள். "அண்ணி, நம்ம ஆளுங்க பிள்ளைங்க மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம் பஸ்ல அரைமணிதான். அங்க போட்டா ஒட்டிக்குவா. இங்கயே விட்டா நாளைக்கு உங்களையே யாருன்னு கேப்பா!"

பள்ளி மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து, விளையாட்டுச் சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரியே அந்தப் பள்ளிக்குப் போக நேர்ந்தது. மதிய இடைவேளை. அளவு கொடுக்க வரிசையில் நின்ற பெண் பிள்ளைகள் வாய் ஓயாமல் நம்ம பேச்சிலேயே வம்பளந்தார்கள். அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

"பட்டாணி எங்கம்மா?"

"யாரு, 'கலவை'யா ஆன்ட்டி? எல்லா பாஷையும் கலந்து பேசுவா, பாதிதான் எங்களுக்குப் புரியும். மாடிப்படியில இருப்பா."

படியில் டப்பாவை மடியில் வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தாள் பட்டாணி.

"ஏண்டி இங்க?"

"இங்க எல்லாரும் ஒரே மாதிரிம்மா. நான் மட்டும் வேற."

"அங்க மட்டும் என்னவாம்?"

"அங்க எல்லாருமே வேறதானே."



மறுநாள் தையல்காரி கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பழைய பள்ளிக்குப் போனாள். "இடம் நிரம்பிடுச்சும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் கிளார்க். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. கெஞ்சிப் பார்த்தாள், அவர் பட்டாணியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மகளிடம் மென்று விழுங்கிச் சொன்னாள். பட்டாணி அழவில்லை.

"அங்க யாரையாச்சும் பாத்தியாம்மா?"

"கேட் கிட்ட ஒருத்தி ஓடிவந்து, 'பட்டாணி எப்ப வருவா?'ன்னு கேட்டா."

"நெட்டையா? தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவாளா? கூட யார் இருந்தா? எந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க?"

தெரிந்ததைச் சொன்னாள். மகள் மறுபடியும் கேட்டாள். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு, தையல்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.