பொட்டு வைத்த படங்கள்

கணவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, குற்றாலத்தில் என் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜின் சின்ன ஹால். எல்லாமே வெறும் நிறங்கள். மரமோ முகமோ எதிலும் கிடையாது. சாரலுக்கு ஒதுங்கியவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. அவர் போனதிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை. ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். வீட்டு விசேஷங்களில் என்னைப் பின்னால் உட்காரவைக்கும் அம்மா, இதிலாவது முன்னால் நிறுத்த வேண்டும். இது என்னுடைய விசேஷம் அல்லவா.

அம்மா தென்காசியிலிருந்து சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினாள். கையில் தட்டு, சந்தனம், குங்குமம், கல்கண்டு. வந்ததும் வராததுமாக முதல் படத்தின் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்தாள்.

"அம்மா, என்ன செய்யுத?"

"புதுசுல்லா. வண்டி வாங்குனா வைக்க மாட்டமா?"

மாதக்கணக்கில் நான் பூசித் தேய்த்த நீலம் அது. வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று சும்மா நின்றேன். எல்லாப் படத்துக்கும் வைத்தாள். சிவப்புப் படத்தில் குங்குமம் தெரியவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு வந்திருந்த பெண்களுக்குத் தட்டை நீட்டினாள். என் பக்கத்தில் நின்ற சித்தி எடுத்துக்கொண்டாள். தட்டு என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போனது.

"எனக்கு?" என்றேன்.

"சும்மா இருட்டி. நாலு பேரு பாக்காவ" என்றாள், குரலைத் தாழ்த்தி.

படத் துணிக்கும் மரச்சட்டத்துக்கும் பொட்டு உண்டு, எனக்குக் கிடையாது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கல்கண்டு மட்டும் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஹாலைத் திறக்கும் முன் ஈரத்துணியால் படங்களைத் துடைத்தேன். சிவப்புப் படத்தின் குங்குமம் விரலில் ஒட்டியது. கழுவப் போனவள், அதை அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

அந்நேரம் அம்மா டிபன் பாக்ஸோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாள். பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, "கோணலா இருக்குட்டி" என்று கட்டைவிரலால் சரிசெய்தாள்.

யாரும் இல்லாததால்தான் செய்தாள் என்று எனக்குத் தெரியும். வாசல் கதவைத் திறக்கப் போனேன். துடைத்துவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை.