அஸ்ஃபியா எழுத மறுத்த புத்தகத்தின் பெயர்

பொம்மையார்பாளையத்தில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனதைச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு அஸ்ஃபியா எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

கடலரிப்பைப் பற்றித் திண்டிவனத்துக் கல்லூரியில் கொடுக்க அவள் எழுதிய கடைசி வருடக் கட்டுரை அது. ஒவ்வொரு செய்திக்கும் கீழே, சொன்னவர் பெயரையும் எழுதினாள்.

"நபி சொன்ன ஹதீஸுக்கு அத அறிவிச்சவங்க பேரு சொல்றோம்ல மாமி, அது மாதிரிதான்" என்றாள்.

"பக்கத்து வீட்டம்மா பேச்செல்லாம் ஆதாரமா? ஏதாவது புக்கு பேரப் போடும்மா" என்றாராம் வாத்தியார். அவள் மறுத்துவிட்டாள். கட்டுரையைத் தள்ளிவிட்டார்கள், பட்டம் கைக்கு வரவில்லை. வீட்டில் பொறுக்கவில்லை, குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அல்லாஹ்தான் அவளுக்குத் துணை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க பேர அடிச்சிட்டு, நான் பாக்காத புக்கு பேர எழுத மனசு வர்ல மாமி. துவா செஞ்சிக்கினு இருங்க."