கன்னியப்பனின் வெள்ளை சாக்ஸ்

துணி துவைக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கறையைப் பார்ப்போம். மாமல்லபுரத்தில் ஓட்டல் லாண்டரி வேலை எனக்கு. வார லீவான செவ்வாயன்று பை நிறைய சாக்ஸோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவேன். ரயில் நிலையத்துக்கு வெளியே, வீடு வாசல் இல்லாமல் படுத்திருப்பவர்களிடம் அழுக்கு ஜோடியை வாங்கிக்கொண்டு துவைத்த ஜோடியைக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், சாக்ஸ் துவைப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் பெருமை

முதல் வாரம் சாக்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள், ரப்பர் செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தார்கள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வார் நுழைய வேண்டுமே! ஷூ போட்டவர் அங்கே ஒருவர்கூட இல்லை. இதை முன்னாடியே யோசிக்க எனக்கு மூளை இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கன்னியப்பன், அச்சரப்பாக்கத்துக்காரர், சாக்ஸ் போட்ட காலை ஆட்டிக் காட்டினார்: "இன்னாக்கா, காலுக்கு சட்டை குட்த்த, சரி. செருப்ப எங்க மாட்றது, காதுலயா?"

கருப்பு

அடுத்த வாரம், ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் போடுகிற, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் வாங்கினேன். தொழில் புத்தி விடுமா, எல்லாமே கருப்பு. அழுக்குத் தெரியாது பாருங்கள். கன்னியப்பனுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது, ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இன்னொரு புண் வந்து முற்றினால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் மூட்டை இல்லை, மூட்டை இல்லாவிட்டால் சோறு இல்லை.

ஒரு செவ்வாய் வீடு திரும்பி, அவருடைய ஜோடியை வாளியில் ஊறவைத்தேன். தண்ணீர் சிவந்தது. சாயம் இல்லை, ரத்தம். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு. எத்தனை நாளாக இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "வலி தெரியாத காலுக்குக் கறையாவது தெரிய வேணாமா? கருப்பை வாங்கிக் குடுத்திருக்கீங்களேம்மா!"

வெள்ளை

பாதம் தப்பியது. அன்றிலிருந்து எல்லாருக்கும் வெள்ளைதான். கன்னியப்பனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டளை: தினமும் சாக்ஸைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், பொட்டுக் கறை தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "மூட்ட தூக்கறவனுக்கு வெள்ள சாக்ஸா? கல்யாண மாப்ள மாரி கீது" என்று முனகிக்கொண்டேதான் போட்டுக்கொண்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய் போனால் ஆளைக் காணோம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றார் டீக்கடைக்காரர். குடி கெட்டது என்று ஓடினேன். சீட்டு வாங்கும் வரிசையில், ஒரு சாக்ஸைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அதன் குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. காலில் இருந்த புண்ணும் அவ்வளவுதான். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் சாக்ஸை என்னிடம் நீட்டினார்: "அய்ய, இன்னாத்துக்குக்கா அழுவுற? கறைதான, தொவச்சா போயிடும்."

ஓட்டல் படுக்கை விரிப்பில் ஒரு பொட்டு தெரிந்தாலும் திட்டு வாங்குகிற நான், அந்த ஒரு பொட்டுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.