கண்ட்ரோல் இசட் மறைத்த நான்கு அத்தியாயங்கள்

சிஸ்டர் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தபோது மதியம் இரண்டு மணி. மைசூரில் ஒரு நர்சிங் காலேஜில் பாடம் எடுப்பவர். அவருடைய ஆராய்ச்சி அறிக்கையை வேர்ட்ஸ்டார் என்ற அந்தக்கால டைப்பிங் மென்பொருளில் அடித்தவன் நான். ஐந்து மணிக்குள் யூனிவர்சிட்டி ஆபீசில் சேர்க்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

பிரிண்ட் எடுக்கக் கோப்பைத் திறந்தேன். முதல் அத்தியாயத்துக்குமேல் ஒரு வரிகூட இல்லை.

"மிச்ச நாலு எங்க பிரதர்?"

"ஃப்ளாப்பி கெட்டுப்போச்சு போல சிஸ்டர்," என்றேன், வாய் கூசாமல்.

ஆட்டோ பிடித்து ஓடி, வீட்டிலிருந்த இன்னொரு ஃப்ளாப்பிப் பிரதியை எடுத்துவந்தார். அதிலும் அதே ஒரு அத்தியாயம்தான். அதற்குமேல் எப்படி மறைக்க? பக்க எண் தொடர்ச்சியாக வரட்டுமென்று ஐந்து அத்தியாயக் கோப்புகளையும் ஒன்றாக ஒட்டியவன் நான். ஒட்டியதைத் திறந்துகூடப் பார்க்காமல், தனிக் கோப்புகளை அழித்து அங்கே வேறு வேலையை ஏற்றியவனும் நானே. சொல்லிவிட்டேன்.

"எனக்கே டோப்பி ஹாக்கறீங்களா பிரதர்?"

கன்னடத்தில் தொப்பி போடுவதென்றால் ஏமாற்றுவது. திரையில் தடித்த எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் ^B-யை 'தொப்பி போட்ட பி' என்று கேலி பேசுபவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கோப்பின் அளவு மட்டும் குறையாமல் இருந்தது. பார்த்ததும் உறைத்தது. வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் 'இத்தோடு முடிந்தது' என்று கண்ட்ரோல் இசட் என்ற குறியை வைக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும்போது அதை நான் எடுக்கவில்லை. நடுவில் நின்று மற்றதையெல்லாம் அது மறைத்துவிட்டது.

இசட் இருக்குமிடத்தில் வெற்றிடம் வைக்க பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்ன நிரல் எழுதினேன். அதுவும் முதல் இசட்டிலேயே, கோப்பு முடிந்தது என்று நின்றுவிட்டது! மணி மூன்றே கால். நூற்றிருபத்தெட்டு எழுத்துகளாகத் துண்டு துண்டாக எடுக்கும்படி மாற்றினேன். அப்படி எடுத்தால் இசட்டும் இன்னோர் எழுத்துதான்.

"வருதா?"

"பேசாதீங்க சிஸ்டர்."

"உங்ககிட்ட யார் பேசினா? ஜெபம் பண்றேன்."

இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பு திரையில் ஏறியது. பின்னாலேயே மூன்று, நான்கு, ஐந்து. பிரிண்டர் கத்தக் கத்த, தாளைக் கிழித்துக் கிழித்து அடுக்கினார். நாலே முக்காலுக்கு ஆட்டோவில் ஏறினார்.

ஐந்தே காலுக்குக் கடை போன் அடித்தது.

"வாங்கி சீல் போட்டுட்டாங்க."

"என்மேல கோபமா சிஸ்டர்?"

"கோபப்பட எங்க நேரம் இருந்துச்சு? இனிமேதான் படணும்."