நாக்கில் தொட்டு வாங்கிய வண்டி

நாற்பத்தெட்டு வயதில் வேகமான கார் வேண்டும் என்று சொன்னால் வீட்டில் யாரும் கை தட்ட மாட்டார்கள். என் மனைவியும் தட்டவில்லை.

"ஏழு பேரு உக்கார்ற வண்டியா பாருங்க. கல்யாணம், காட்சின்னா எல்லாரும் ஒண்ணா போலாம்" என்றாள்.

எல்லாரும் ஒன்றாகப் போகும் வண்டியை நான் கல்ஃபில் வருடக்கணக்கில் ஓட்டியாயிற்று. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். என்னை முந்திச் சீறிப் போன சின்ன கார்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். இப்போது மரக்காணத்தில் உப்பு வியாபாரம், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும், அப்படி ஒரு வண்டி எனக்கே எனக்கென்று வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கையில் இருந்த பணத்துக்குப் புது வண்டி என்றால், பார்க்க லட்சணமாக, பெருமுக்கல் மலையைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிற ஒன்றுதான் கிடைக்கும். பெரிய எஞ்சின் வைத்த பழைய செடான் ஒன்று வந்தது. அதற்கு ஸ்பேர் வாங்கியே நான் ஆண்டியாகிவிடுவேன் என்று மெக்கானிக் கும்பிடு போட்டார். கடைசியில் எனக்குத் தெளிவாகிவிட்டது. சின்ன உடம்பு, டர்போ எஞ்சின், கையால் போடும் கியர், செகண்ட் ஹேண்ட். அன்றிலிருந்து போனில் அந்த வண்டியின் வீடியோக்கள்தான். சோற்றில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன், குழம்பு காய்ந்துபோகும்.

பெரிய முதலியார்சாவடியில் அப்படி ஒரு சிவப்பு வண்டி விற்பனைக்கு இருப்பதாக புரோக்கர் போன் செய்தபோது நான் உப்பளத்தில் இருந்தேன். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. குவியலிலிருந்து உப்பை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டு வாசலில் ஹாரன் அடித்து மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். "வந்து மட்டும் பாரு" என்றேன்.

வண்டியின் சொந்தக்காரர் ஒரு வங்கி அதிகாரி. "பாய், இது கடல் காத்து படாத வண்டி. இத்தனை வருசமும் திண்டிவனத்துல ஷெட்டுலதான் இருந்துச்சு. மாத்தலாகி இங்க வந்து ஒரு வாரந்தான் ஆவுது" என்று சாவியை நீட்டினார்.

எங்கள் ஊர்க்காரன் பழைய வண்டி வாங்கப் போனால் எஞ்சினைத் திறக்க மாட்டான். முதலில் கதவுக்கு அடியில் விரலை விட்டுத் தடவி நாக்கில் வைப்பான். உப்புக் கரித்தால் வண்டி கடலோரம் கிடந்தது என்று அர்த்தம், அடித்தகடு உள்ளுக்குள் துருப்பிடித்துப் பொரிந்துகொண்டிருக்கும். நானோ சாவியைக் கண்ட பரபரப்பில் அதை மறந்து நேராக உள்ளே ஏறிவிட்டேன்.

ஈசிஆரில் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் போனோம். ரோடு காலியாக இருந்த இடத்தில் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. "யா அல்லாஹ்!" என்று நான் கத்தியே விட்டேன். மனைவி ஹேண்ட்பேக்கை மார்போடு கட்டிக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி வந்தாள். திரும்பி வரும்போது இன்னொரு மிதி. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இறங்கிய பிறகுதான் ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது. குனிந்து, கதவடியில் விரலை ஓட்டி, நாக்கில் வைத்தேன்.

கரித்தது. கொஞ்சநஞ்சமல்ல, ஊறுகாய் மாதிரி கரித்தது.

"வேணாங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன். "ஏன் பாய், நல்லாதானே ஓட்டினீங்க?" என்று அவர் விழித்தார். நான் பைக்கை நோக்கி நடந்தேன்.

"ஏங்க, என்னாச்சு?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள்.

"உப்பு. பொய் சொல்லிட்டாரு."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அளத்துல இருந்துதானே நேரா வந்தீங்க? கை கழுவுனீங்களா?"

அவள் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்தத் தெருவிலேயே என் கையில் ஊற்றி, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். ஓடிப்போய் இன்னொரு கதவுக்கு அடியில் தடவி நாக்கில் வைத்தேன். வெறும் மண். மாஷா அல்லாஹ், அத்தனை ருசியான மண்ணை நான் தின்றதே இல்லை. சந்தேகத்துக்கு ரோட்டில் படுத்து டார்ச் அடித்தும் பார்த்தேன். அடித்தகடு சுத்தமாக இருந்தது. சொந்தக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வண்டி அன்றோடு போயிருக்கும். அவள் கேட்ட ஏழு சீட்டு வண்டியே வந்திருக்கும்.

"நீ ஏன் சொன்ன?" என்று பைக்கை ஓட்டியபடியே கேட்டேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னாள்: "நீங்க மிதிச்சப்ப வயித்துல குபீர்னுச்சு. இன்னொரு வாட்டி மிதிக்க மாட்டீங்களான்னு இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல." அப்புறம் தோளை ஒரு உலுக்கு உலுக்கினாள். "எனக்கு எப்ப ஓட்டக் கத்துக்குடுக்கப் போறீங்க?"