பிள்ளை மென்ற சீட்டு

பிள்ளைக்கு நாலு மாதமாகியும் அவனுக்கென்று ஒரு வைத்தியரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஏரிக்கரைக் கோட்டையிலிருந்த ஒல்லாந்துக்கார வெள்ளை வைத்தியர் நிறையப் படித்தவர். ஆனால் எதற்கெடுத்தாலும் கத்தியால் கீறி ரத்தம் எடுப்பார். எங்கள் குப்பத்து வைத்தியர் சாதுவானவர். ஆனால் தலைவலிக்கும் விளக்கெண்ணெய்தான் கொடுப்பார்.

"ஏரியில யாரு எங்க வலை போடறதுன்னே சீட்டுப் போட்டுத்தானே முடிவு பண்றோம்? இதுக்கும் போடு," என்றார் கணவர்.

"தப்பான மீனு மாட்னா ஏரியிலயே உட்டுடலாம். இவனை எங்க உடறது?" என்றேன்.

"வாயைப் பாரு! எழுதுடி," என்றார் மாமியார். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டு ஓலை நறுக்குகளில் எழுதி, எழுத்து தெரிய விளக்குக்கரி தடவி, சுருட்டிப் பிள்ளையின் முன்னால் நீட்டினேன். ஒன்றைப் பிடித்தான். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அதை வாயில் போட்டு மூடிக்கொண்டான். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை.

கோட்டையா குப்பமா என்று யோசிக்கவே தோன்றவில்லை. நாலு வீடு தள்ளியிருந்த வைத்தியரிடம் ஓடினேன். அவர் பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். அவன் கரிவாயைத் திறந்து சிரித்தான். ஓலை கீழே விழுந்தது. வைத்தியர் அதைத் துடைத்துப் படித்தார்.

"கோட்டை வைத்தியர்னு போட்டிருக்கேம்மா?"

"சீட்டு அப்படி விழுந்துடுச்சுங்க."

"சரி, போ. அவருக்குக் கிச்சுகிச்சு மூட்டத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கோ."

நான் போகவில்லை. அன்றிலிருந்து இவர்தான் எங்கள் வைத்தியர். அந்த விளக்கெண்ணெய் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.